இலைக்கு மூச்சு முட்டும் என்று நினைத்தேன்

போன மாதம் எங்கள் நெல் ஆராய்ச்சி நிலையத்துக்குப் புது மெஷின் ஒன்று வந்திருக்கிறது என்று வேடிக்கை பார்க்கக் கூப்பிட்டார்கள். வயலுக்கு மேலே தும்பி மாதிரி பறந்துகொண்டே, எந்தப் பாத்தியில் இலைகள் தெம்பாக இருக்கின்றன, எதில் வெயிலில் திணறுகின்றன என்று சொல்லிவிடுமாம். அண்ணாந்து பார்த்து எனக்குக் கழுத்து வலித்ததுதான் மிச்சம். அந்த மெஷினுக்கு வரப்பு வேண்டாம், சேறு வேண்டாம், கிளிப் வேண்டாம், கூட நடக்க ஓர் ஆளும் வேண்டாம். அதாவது நான் வேண்டாம். நல்லவேளை, அது வருவதற்கு முன்பே ஓய்வு பெற்றுவிட்டேன்.

"அண்ணே, அந்தக் காலத்துல கிளிப்ப வச்சு எப்படி அளந்தீங்கன்னு எழுதிக் குடுங்களேன். ஆண்டு மலர்ல போடுறோம்" என்று அங்கே வேலை பார்க்கும் பிள்ளைகள் கேட்டார்கள். என்னிடம் கேட்டது அவர்கள் தப்பு. நான் மூன்றாம் வகுப்பை மூன்று வருஷம் படித்தவன். எழுத்துப் பிழைகளை மருமகள் திருத்திவிட்டாள். மற்ற பிழைகள் எல்லாம் நான் செய்தவை. அவற்றையும் திருத்தினால் எழுதுவதற்கு ஒன்றும் மிஞ்சாது.

என் பெயர் சவரிமுத்து. தஞ்சாவூருக்குக் கிழக்கே ஊர். நிலையத்தில் தினக்கூலியாகச் சேர்ந்தேன். நாற்றுப் பறித்தேன், நட்டேன், களை எடுத்தேன், குருவி விரட்டினேன். குருவிகள் என்னைப் பார்த்துப் பயந்ததே இல்லை. நான் தகரத்தைத் தட்டினால் தாளத்துக்குத் தகுந்தாற்போல் சாப்பிட்டன. இப்படி ஆறேழு வருஷம் போயிற்று. அதில் சொல்ல ஒன்றுமில்லை.

நாட்டின் கதவைத் திறந்துவிட்டார்கள் என்று டீக்கடையில் பேப்பர் படித்துச் சொன்ன காலம் அது. எங்கள் தெருவில் அது சிங்கப்பூர்க் கதவாகத்தான் திறந்தது. வீட்டுக்கு ஒருவர் கிளம்பினார்கள். மூலைக்கு மூலை எஸ்.டி.டி. பூத் முளைத்தது. நடவுக்கு ஆள் கிடைக்கவில்லை. நானும் கிளம்பினேன். ஏஜென்ட், "என்னப்பா வேலை தெரியும்?" என்று கேட்டார். உண்மையைச் சொல்லலாமே என்று, "குருவி வெரட்டுவேங்க" என்றேன். அங்கே குருவித் தொல்லை இல்லை போலிருக்கிறது. பதிலே வரவில்லை.

நான் வெளிநாட்டுக்குப் போகவில்லை. வெளிநாடு என்னைத் தேடி ஒரு சூட்கேசில் வந்தது.

அந்தச் சூட்கேசைத் திறந்து, இலையின் தெம்பை அளக்கும் மெஷினை வெளியே எடுத்த கை கனகசபை சாருடையது. அவர்தான் எங்கள் பிரிவுக்குத் தலைவர். அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சத்தம் போட மாட்டார். சந்தோஷமாக இருந்தால், "டேய் சவரி, இங்க வா" என்பார். எரிச்சல் என்றால், "சவரி, வாங்க." உண்மையிலேயே கோபம் வந்துவிட்டால், கண்ணாடியைக் கழற்றி வேட்டி முனையில் துடைத்துக்கொண்டே, "சவரிமுத்து அவர்களே, வாங்க" என்பார். 'அவர்களே' என்றால் ஆபத்து. அவர் மரியாதை கொடுத்த ஆட்களில் இரண்டு பேர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போயிருந்தார்கள்.

மெஷினோடு வேலை செய்யச் செல்வராணி வந்தது. வேதாரண்யம் பக்கம் கடலோரக் குப்பத்துப் பிள்ளை. அப்பா படகுக்காரர், அம்மா மீன் கூடை சுமந்தவர். டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி. நான் மேடம் என்பேன், அது என்னை அண்ணே என்னும். முதல் நாளே எனக்கு ஒரு பொட்டலம் கருவாடு கொண்டுவந்து கொடுத்து என்னை விலைக்கு வாங்கிவிட்டது.

வேலை இதுதான். குறுவை நெல், நாலு ரகம். பெரிய வயலை இருபத்துநாலு பாத்தியாகப் பிரித்திருந்தோம். வாய்க்கால் ஓரமாகப் பன்னிரண்டு, மேற்கே உள்ளே தள்ளிப் பன்னிரண்டு. ஒவ்வொரு ரகமும் இரண்டு பக்கத்திலும் இருந்தது. உச்சி வெயிலுக்கு முன்னால் நான் போய் இலைகளில் கிளிப் மாட்ட வேண்டும். துணி காயப்போடுகிற கிளிப்பைக் கட்டைவிரல் அளவுக்குச் சுருக்கினால் எப்படியோ அப்படி, வெள்ளையாக இருக்கும். நடுவில் ஒரு சின்ன ஓட்டை. ஓட்டையை மூட ஒரு தகடு. மேலிருந்து இரண்டாவது இலை, நடுநரம்பில் படாமல், அழுத்தாமல் மாட்டித் தகட்டைத் தள்ளி மூட வேண்டும். உள்ளே மிளகளவு இடம் இருட்டாகிவிடும். இருபத்தைந்து நிமிஷம் அப்படியே இருக்க வேண்டும். அதற்குள் செல்வராணி ஏ.சி. அறையிலிருந்து மெஷினைத் தோளில் மாட்டிக்கொண்டு வரும். வாய்க்காலைத் தாண்ட ஒரு தென்னை மரத்தைக் குறுக்கே போட்டிருந்தோம். கால் வைத்தால் கிறீச்சென்று கத்தும். தாண்டி வந்து, மெஷினின் குழாயைக் கிளிப்பில் பொருத்தி, தகட்டை இழுத்துவிட்டுப் பித்தானை அமுக்கும். உள்ளே சிவப்பு வெளிச்சம் ஒரு வெட்டு வெட்டும். பெட்டியில் எண் வரும். அது சொல்லச் சொல்ல நான் நோட்டில் குறிப்பேன். எழுத்துத்தான் எனக்குத் தகராறு, எண்ணோடு சமாதானம்தான்.

நல்ல இலை என்றால் புள்ளி எட்டை ஒட்டி வரும், பேச்சில் வெறும் எட்டு. குறைந்தால் இலைக்குள் ஏதோ கெட்டுவிட்டது என்று அர்த்தம்.

இனி என் வண்டவாளம்.

முதல் நாளிலிருந்தே எனக்கு மனசு கேட்கவில்லை. பச்சை இலை, பகல் வெளிச்சம்தான் அதன் சோறு. அதைப் போய் இடுக்கிப் பிடித்து மூடியும் போட்டால் மூச்சு முட்டாதா? அதனால் மேடம் மெஷின் எடுக்கப் போனதும் தகடுகளைத் திறந்து வைத்துவிடுவேன். வாய்க்கால் கரையில் ஒரு பூவரச மரம். நிழல் பயிர் மேல் விழாது, என் மேல் மட்டும் விழும். நிழலில் உட்கார்ந்து வெற்றிலை போடுவேன். தென்னை மரம் கிறீச்சென்றதும் எழுந்து ஓடி, பன்னிரண்டு பாத்தியிலும் தகட்டைச் சட்சட்டென்று மூடிவிட்டு யோக்கியனைப் போல நிற்பேன். வரப்பை விட்டு இறங்காமல் கை எட்டுகிற கிளிப்புகள்தான். மேற்குப் பக்கம் போக முழங்கால் சேற்றில் இறங்க வேண்டும். என் இரக்கம் அவ்வளவு தூரம் போகாது.

ஒரு மாதம் ஆனது. நோட்டில் கூத்து ஆரம்பித்தது. மேற்கே எல்லாம் எட்டு. அதே ரகம், அதே நாற்று, வாய்க்கால் ஓரத்தில் அஞ்சரை, ஆறு.

சார் நோட்டைப் பார்த்துவிட்டு, "வாய்க்கால் ஓரம் உப்பு ஏறியிருக்குமோ?" என்றார். குழி தோண்டச் சொன்னார். யார் தோண்டுவது? நான்தான். ஒன்பது குழி. இடுப்பளவு. மண்ணை அள்ளிப் பைபையாகக் கட்டினேன். வேரைக் கழுவிக் கொடுத்தேன். வாய்க்கால் தண்ணீரைப் புட்டியில் பிடித்தேன். திருடனைத் தேடித் திருடனே குழி வெட்டிய கதை இதுவாகத்தான் இருக்கும். மண் சுத்தம், தண்ணீர் சுத்தம், வேர் வெள்ளை வெளேரென்று சிரித்தது.

"காரணம் தெரியாத வயல வச்சு நான் கையெழுத்துப் போட மாட்டேன். வாய்க்கால் ஓரம் பன்னெண்டையும் தள்ளிடுவோம். நாளைக்குக் காலைல அறுத்து மாட்டுக்குப் போட்டுடச் சொல்லு" என்றார் சார்.

செல்வராணி வரப்பில் வந்து உட்கார்ந்தது. எனக்கு ஒன்பதாவது குழியை மூடுகிற வேலை பாக்கி.

"பன்னெண்டு போனா மீதி பன்னெண்டு இருக்குல்ல மேடம்?"

"பத்தாதுண்ணே. பாதிய வச்சு எதையும் நிரூபிக்க முடியாது. அடுத்த குறுவைக்கு மறுபடி நடணும். உதவித்தொகை இந்தக் குறுவையோட முடியுது. ஜெர்மனில எனக்கு எடம் வச்சிருக்காங்க. பொங்கலுக்குள்ள ஆராய்ச்சிப் புத்தகத்தக் குடுத்தாத்தான் அந்த எடம். இல்லாட்டி வேற ஆளு." வரப்பு மண்ணைக் கிள்ளிக்கொண்டே, "அப்பா குப்பம் பூரா சொல்லிட்டாரு. கட்டுமரத்துல போற கெழவங்கூட, ராணி எப்ப பிளேன் ஏறப்போவுதுன்னு கேக்குறாரு" என்றது.

பேச்சை மாற்றலாம் என்று கேட்டேன். "அது கிடக்கட்டும் மேடம். இந்த எலைய எதுக்கு இருட்டுல போட்டு அளக்குறோம்? பாவம், மூச்சு முட்டாதா?"

அது மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தது. "இருபத்தஞ்சு நிமிசத்துல எலைக்கு ஒண்ணும் ஆவாதுண்ணே. ராத்திரி பூரா இருட்டுலதான கிடக்குது? உச்சி வெயில்ல வர்ற வெளிச்சம் எலைக்குத் தேவையானத விட ரொம்ப அதிகம். அம்புட்டையும் உள்ள விட்டா சமையல்கட்டே வெந்துடும். எங்கப்பா காத்து கூடிப்போச்சுன்னா பாயத் தளத்தி விடுவாரு. காத்து சும்மா வழிஞ்சி போவும், படகு கவுறாது. எலையும் அப்படித்தான். மிச்ச வெளிச்சத்தச் சூடாக்கி வெளில தள்ளிடும். அந்த நேரத்துல அளந்தா எண்ணு கம்மியாத்தான் வரும். அது சீக்கு இல்ல, பாயி தளர்ந்து இருக்கு, அவ்வளவுதான். இருட்டுல ஓய்வு குடுத்தா பாயத் திரும்பக் கட்டிக்கும். அப்ப அளந்தாத்தான் எலையோட நெசமான தெம்பு தெரியும்."

படகு எனக்குத் தெரியாது. ஆனால் வடிகால் தெரியும். ஆற்றில் தண்ணீர் கூடி வந்தால் வயல் எல்லாவற்றையும் குடிக்காது. வேண்டியதை எடுத்துக்கொண்டு மிச்சத்தை வடிகாலில் விட வேண்டும். வடிகாலை அடைத்தால் வரப்பு உடையும். இலைக்குள்ளும் ஒரு வடிகால் இருக்கிறது. உச்சி வெயிலில் திறக்கிறது, நிழலில் மூடுகிறது. நான் என்ன செய்திருக்கிறேன்? வடிகால் திறந்திருக்கும்போதே இலையை அளக்க வைத்திருக்கிறேன். ஒரு மாதமாக.

மண்வெட்டி கையில் கனத்தது. அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நிரந்தர வேலைக்கான பட்டியல் சார் மேஜையில் இருந்தது. அதில் என் பெயர் இருந்தது. நான் ஒன்றும் பெரிய யோக்கியன் இல்லை என்பதற்கு அந்தச் சாயங்காலம் சாட்சி.

மறுநாள் காலை, அறுக்கச் சொல்லிக் கையில் கருக்கரிவாளைக் கொடுத்துவிட்டார்கள். வயலுக்குப் போகிற வழியில் சார் அறை. கதவு திறந்திருந்தது. உள்ளே செல்வராணி நின்றுகொண்டிருந்தது. சார் நோட்டைக் கடைசியாக ஒருமுறை புரட்டிக்கொண்டிருந்தார்.

"வாய்க்கால் ஓரத்த எந்த வரிசைல அளக்குறே?"

"வடக்கேந்து தெற்கே சார். ஒண்ணு, ரெண்டுன்னு."

"ஒண்ணாவது பாத்தி எப்பவும் ரொம்பக் கம்மி. அடுத்தது கொஞ்சம் தேவலை. பன்னெண்டாவது கிட்டத்தட்ட சரியா வந்துடுது. தினமும் இப்படியே ஏறிக்கிட்டே போகுது. ஒரே ஒரு நாள் தலைகீழா இருக்கு. அன்னிக்குப் பன்னெண்டுதான் கம்மி. ஏன்?"

"அன்னிக்கு வடக்கு மூலைல பாம்பு கிடந்துச்சு சார். தெற்கேந்து ஆரம்பிச்சேன்."

"அப்ப நீ நடக்குற பக்கமெல்லாம் உப்பும் கூட நடக்குதா?" சார் நோட்டை மூடினார். "இந்த எலையெல்லாம் அப்பத்தான் வெயில்லேந்து உள்ள வந்த மாதிரி இருக்கு. நிமிஷத்துக்கு நிமிஷம் தேறுது. இருபத்தஞ்சு நிமிஷமா இருட்டுல இருந்த எலை எப்படிம்மா அப்பத்தான் வெயில்லேந்து வரும்?"

நான் வாசலில் அரிவாளோடு நின்றேன். இன்னும் பத்து நிமிஷத்தில் பயிர் தரையில் கிடக்கும். அதன் பிறகு யாரும் எதையும் கண்டுபிடிக்க முடியாது. எனக்கு அதுதான் வசதி. ஆனால் அந்தப் பிள்ளையின் கழுத்தைப் பின்னாலிருந்து பார்த்தேன். மெஷின் வார் அழுத்திய தழும்பு கறுத்துப் போயிருந்தது.

"சார், நாந்தான் சார்."

"என்ன நீதான்?"

"தெறந்து வச்சேன் சார். மேடம் தென்னமரத்துல கால வச்சதும் மூடிடுவேன்."

சார் கண்ணாடியைக் கழற்றினார். வேட்டி முனை வந்தது. துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

"சவரிமுத்து அவர்களே, உட்காருங்க."

அந்த அறையில் எனக்கு யாரும் நாற்காலி காட்டியதில்லை. உட்கார்ந்தேன். அரிவாளை எங்கே வைப்பதென்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டேன்.

"எதுக்குத் திறந்தீங்க?"

"எலைக்கு மூச்சு முட்டுமேன்னுதான் சார்."

"மேற்கால இருக்குற எலைக்கெல்லாம் மூச்சு முட்டாதா?"

"முட்டியிருக்கும் சார். ஆனா அதுக்குச் சேத்துல எறங்கணும்."

செல்வராணி முகத்தை மூடிக்கொண்டது. அழுகிறது என்று நினைத்தேன். தோள் குலுங்கியது. கையை எடுத்தால் சிரிப்பு. அழுகையும் இருந்தது, ஆனால் சிரிப்புதான் அதிகம். சார் சிரிக்கவில்லை. சிவப்புப் பென்சிலை எடுத்து, நோட்டில் வாய்க்கால் ஓரத்து எண்கள் அத்தனைக்கும் குறுக்கே கோடு போட்டார். பக்கம் பக்கமாக.

"தப்பு தப்புதான். இதுல ஒரு எண்ணக்கூடத் தொடக் கூடாது. ஆனா வயல் கெட்டுப் போகல. பயிர அறுக்க வேண்டாம். கதிர் வர இன்னும் எத்தனை நாள் இருக்கு?"

"பதினஞ்சு நாள் சார்" என்றேன். அது ஒன்றுதான் அந்த அறையில் எனக்குச் சரியாகத் தெரிந்த கேள்வி.

"பதினஞ்சு நாள்ல அந்தப் பன்னெண்டையும் புதுசா அளங்க. முதல்ல ஒழுங்கா மூடி வச்சு. அப்புறம் இன்னொண்ணு." செல்வராணியைப் பார்த்தார். "நாலு ரகத்துலயும் எலைய நல்லா வெயில்ல விட்டு, மூடி, ஒரு நிமிஷத்துல, ரெண்டு நிமிஷத்துல, அஞ்சுல, பத்துல, இருபதுல அளந்து பாரு. எது சீக்கிரம் தேறுது, எது மெதுவாத் தேறுதுன்னு தெரியும். இத நாம யோசிச்சே பாக்கலியே." பிறகு என் பக்கம் திரும்பினார். "திறக்கவும் மூடவும் நமக்குத்தான் அனுபவசாலி ஒருத்தர் இருக்காரே."

ஆக, திருட்டுத்தனமாகச் செய்த வேலைக்கே என்னை நியமித்தார்கள். கழுத்தில் ஒரு ஸ்டாப் வாட்ச் மாட்டிவிட்டார்கள். இந்தத் தடவை மேற்குப் பக்கமும் உண்டு. சேற்றில் இறங்கினேன்.

ஒரே பயம், மழை. வெயில் இல்லாவிட்டால் அளவு இல்லை. மாவட்டமே வானத்தைப் பார்த்து மழை கேட்டுக்கொண்டிருந்தது. நான் மட்டும் எங்கள் ஊர் மாதா கோவிலில் மெழுகுவத்தி ஏற்றி, "தாயே, ராத்திரி எவ்வளவு வேண்டுமானாலும் பெய்யட்டும், பதினோரு மணிலேந்து ரெண்டு மணி வரைக்கும் மட்டும் வேண்டாம்" என்று வேண்டினேன். பக்கத்தில் முழங்காலிட்டிருந்த பெரியவர் ஒருவர் என்னை முறைத்தார். பதினைந்தில் பதினோரு நாள் வெயில் காய்ந்தது. அந்தப் பெரியவர் கண்ணில் படாமல் பதினோரு நாளும் சுற்றுவழியில் வீட்டுக்குப் போனேன்.

அந்த நாட்கள்தான் என் வேலைக் காலத்திலேயே குஷியான நாட்கள். முதல் நாள், ஒழுங்காக மூடிய வாய்க்கால் ஓரத்து இலையில் செல்வராணி பித்தானை அமுக்கியது. "அண்ணே, எட்டு!" என்று கத்தியது. அடுத்த பாத்தியும் எட்டு. பன்னிரண்டும் எட்டு. வரப்பிலேயே ஒரு குதி குதித்தது. ஒரு கால் சேற்றுக்குள். மெஷினை மட்டும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டது. மீன் கூடை சுமந்த வீட்டுப் பிள்ளை அல்லவா.

பிறகு தேறுகிற கதை. நாலு ரகமும் நாலு குணம். ஒன்று, நிழல் பட்டதும் வடிகாலைச் சட்டென்று மூடிவிட்டு வேலைக்குப் போய்விடும். இன்னொன்று பயந்தாங்கொள்ளி. மேகம் வந்து நின்ற பிறகும் திறந்தே வைத்திருக்கும். கிடைக்கிற கொஞ்ச வெளிச்சத்தையும் கோட்டை விடும்.

"ரொம்பத் தொறந்து வச்சாலும் நட்டம், மூடி வச்சாலும் ஆபத்து. எப்பத் தொறக்கணும், எப்ப மூடணும்னு தெரியிற எலைதான் பொழைக்கும்" என்று செல்வராணி சொன்னது.

"என்னயப் பத்திச் சொல்றீங்களா மேடம்?"

"உங்களுக்கு வடிகால் மட்டும்தாண்ணே இருக்கு."

அதிலிருந்து, மதியம் பூவரச மரத்தடியில் நான் கண்ணயர்ந்திருக்கும்போது யாராவது எழுப்பினால், "சேதம் ஒண்ணுமில்ல, மிச்ச வெயில வடிய விட்டுக்கிட்டு இருக்கேன்" என்று சொல்லப் பழகிக்கொண்டேன். இலை செய்தால் அதற்குப் பெயர் தற்காப்பு. நான் செய்தால் சோம்பல்.

அந்த வருஷம் நிரந்தரப் பட்டியலில் என் பெயர் இல்லை. யார் அடித்தார்கள் என்று நான் கேட்கவில்லை. சிவப்புப் பென்சில் யாரிடம் இருந்தது என்று எனக்குத் தெரியும். அடுத்த வருஷம் அதே கை என் பெயரை எழுதியது. ஒரு வருஷம் எனக்கும் மூடி போட்டு ஓய்வு கொடுத்தார்கள் என்று வைத்துக்கொண்டேன்.

பொங்கலுக்கு நாலு நாள் முன்னால் செல்வராணி புத்தகத்தைக் கொடுத்தது. பங்குனியில் ஜெர்மனிக்குப் பிளேன் ஏறியது. வழியனுப்பக் குப்பமே வேன் பிடித்துப் போனதாம். எனக்கு ஒரு சாக்குக் கருவாடு வந்து சேர்ந்தது.

செல்வராணி பிளேன் ஏறிய அடுத்த வாரம், நான் நாற்றங்காலில் நிற்கும்போது சார் அறை வாசலிலிருந்து குரல்.

"சவரிமுத்து அவர்களே, வாங்க."

என்ன திறந்தேன், என்ன மூடினேன் என்று யோசித்துக்கொண்டே படி ஏறினேன். சார் மேஜையில் தடியாக, நீலக் கட்டு போட்ட புத்தகம். எனக்கு நாற்காலி காட்டினார். அதுவும் கெட்ட அறிகுறி. முதல் பக்கங்களில் ஒன்றை விரித்து, இங்கிலீஷில் இருந்ததைத் தமிழில் படித்துச் சொன்னார்.

"இலைக்கு மூச்சு முட்டும் என்று கவலைப்பட்டவரும், அதைத் தானாகவே வந்து ஒப்புக்கொண்டவருமான திரு. சவரிமுத்து அவர்களுக்கு நன்றி. இந்த நூலின் ஐந்தாம் அத்தியாயம் அவர் கையிலிருந்து பிறந்தது."

ஏதாவது கேட்க வேண்டுமே என்று, "இங்கிலீஷ்லயும் 'அவர்கள்'னு போட்டிருக்கா சார்?" என்றேன்.

சார் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை. மேஜையில் வைத்தார்.

"இல்லடா சவரி. அது நான் போட்டது."